மூன்று பாகம் மாற்றியும் அணையாத செக் இன்ஜின் லைட்: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி 1.6 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. உள்ளே போகும் காற்றை அளக்க மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உண்டு. ஓடியிருப்பது 1,30,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். என்னிடம் வருவதற்கு முன் இரண்டு மாதத்தில் இரண்டு ஒர்க்‌ஷாப் பார்த்துவிட்டு வந்திருந்தது. முதலில், வெளியேறும் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். ஆறாம் நாள் லைட் திரும்ப வந்தது. அடுத்து நான்கு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினார்கள், ஒரு வாரம் தாங்கியது. கடைசியாக 2-ஆம் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில். அதற்கும் லைட் மசியவில்லை.

"இனி மாற்றுவதற்கு வண்டியைத்தான் மாற்றணும் சார்" என்று சாவியைக் கொடுத்தார் உரிமையாளர். கழற்றிய பழைய பாகங்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு டிக்கியில் வைத்திருந்தார். நல்ல பழக்கம். அந்தப் பெட்டி பின்னால் எனக்கு உதவியது.

கேட்டதும் எழுதிக்கொண்டதும்

எப்போது எரிகிறது என்று கேட்டேன். "எப்பவும்தான் எரியுது" என்றார். அது லைட்டைப் பற்றிய பதில். எனக்கு வேண்டியது வண்டியைப் பற்றிய பதில். கேள்வியை மாற்றினேன்: ஓட்டும்போது எப்போதாவது வித்தியாசமாகத் தெரிகிறதா? கொஞ்சம் யோசித்துச் சொன்னார். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிடம் போல நடுக்கம் இருக்கும், ஸ்டீயரிங் வரைக்கும் தெரியும், பிறகு தானாகச் சரியாகிவிடும். ஒருநாள் அவசரத்தில் ஸ்டார்ட் செய்த கையோடு கிளம்பியபோது லைட் சிமிட்டியது. மற்றபடி பகலில் பிக்கப் நன்றாக இருக்கிறது. பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கிறதோ என்று ஒரு சந்தேகம்.

எல்லாவற்றையும் ஜாப் கார்டில் எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டு மறந்தும் போனேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

லைட் நிலையாக எரிவது வேறு, சிமிட்டுவது வேறு. நிலையாக எரிந்தால், வாகனப் புகை அனுமதித்த அளவை மீறக்கூடிய ஒரு பழுதை ஈசியூ (இன்ஜினை நடத்தும் கணினி) கவனித்து நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். ஆயில் பிரஷர் லைட்டும் டெம்பரேச்சர் லைட்டும் எரியாமல், ஓட்டமும் சீராக இருந்தால், அடுத்த ஓரிரு நாளில் காட்டினால் போதும். சிமிட்டினால் அந்த நொடியில் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது, கடுமையாக நடக்கிறது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். கன்வர்ட்டரின் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் அந்தச் சூட்டில் உருகிப் போகலாம். ஆக்சிலரேட்டரை விட்டு, ஓரம் கட்டுவதுதான் சரி.

முதல் ஸ்கேன்

ஸ்கேனரை மாட்டும் முன் பார்த்தவை இரண்டு நிமிட வேலை. பேட்டரி 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14.1. ஆயில் அளவு சரி. ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்கள் ஒழுங்காகப் பூட்டியிருந்தன. வோல்டேஜ் தகராறில் பொய்க் குறியீடுகள் வரிசைகட்டி வரும் என்பதால் இதை நான் விடுவதில்லை.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பழுதறியும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனர் ஏறியது. பதிவான குறியீடுகள் இரண்டு. பி0171, அதாவது பேங்க் 1-இல் (சிலிண்டர் வரிசை, இந்த வண்டியில் ஒன்றுதான்) கலவை லீன்: காற்று கூடுதல் அல்லது பெட்ரோல் குறைவு. பி0302, 2-ஆம் சிலிண்டரில் மிஸ்ஃபயர். அமெரிக்காவில் 1996 மாடல் முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இந்த ஓபிடி முறை கட்டாயமானதால், பி-க்குப் பின் 0 வரும் எண்கள் எந்த கம்பெனி வண்டியிலும் ஒரே பொருள்தான் தரும். 1 வந்தால் பெரும்பாலும் கம்பெனியின் சொந்தக் குறியீடு, சர்வீஸ் மேனுவலைப் புரட்ட வேண்டும்.

குறியீட்டைப் பார்த்ததும் நான் அடுத்துப் பார்ப்பது, அவற்றைக் கடைசியாக எப்போது அழித்தார்கள் என்பதை. இது வண்டியிலேயே பதிவாகியிருக்கும், யாரையும் கேட்க வேண்டாம். அழித்தபின் ஓடிய தூரம் 214 கிலோமீட்டர். அழித்தபின் இன்ஜின் சூடேறியது 17 முறை. கன்வர்ட்டரையும் பெட்ரோல் ஆவி அமைப்பையும் சோதிக்கும் மானிட்டர்கள் (ஈசியூ தானே நடத்தும் சோதனைகள்) இரண்டும் இன்னும் முடியவில்லை. ஆக, காயிலை மாற்றியவர்கள் குறியீட்டை அழித்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு முறையும் லைட் சில நாள் காணாமல் போனதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. குறியீட்டை அழித்தால், பெரும்பாலான வண்டிகளில் ஈசியூ அதுவரை கற்றுவைத்திருந்த பெட்ரோல் திருத்தமும் (ட்ரிம்) பூஜ்யத்துக்குப் போய்விடும். அது மறுபடி கற்று வரம்பைத் தொடவே சில ஓட்டங்கள் ஆகும். தொட்டாலும் முதல் ஓட்டத்தில் குறியீடு நிலுவையில்தான் நிற்கும். அடுத்த ஓட்டத்திலும் அதே பழுது தெரிந்தால்தான் லைட் எரியும். இந்த இடைவெளிக்குள் மாற்றிய பாகத்துக்கெல்லாம் "சரியாகிவிட்டது" என்ற பெயர் கிடைத்துவிடுகிறது. ஆறு நாள் அணைந்திருந்தது ஆக்சிஜன் சென்சாரால் இல்லை, அழித்ததால்.

அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். குறியீடு பதிவான கணத்தில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்று ஈசியூ எடுத்துவைக்கும் படம் அது. நல்லவேளையாக இந்த முறை யாரும் கைவைக்கும் முன் வண்டி வந்துவிட்டது. ஃப்ரேமில் இருந்தது இது:

இன்ஜின் வேகம் 742 ஆர்பிஎம்
வண்டியின் வேகம் 0
கூலன்ட் வெப்பம் 91 டிகிரி
லோட் 27 சதவீதம்
ஷார்ட் டெர்ம் ட்ரிம் (அந்தக் கணத்தின் திருத்தம்) +7.8 சதவீதம்
லாங் டெர்ம் ட்ரிம் (கற்றுவைத்த திருத்தம்) +21.9 சதவீதம்

வண்டி நின்றுகொண்டிருக்கிறது, இன்ஜின் நன்கு சூடாக இருக்கிறது, ஐடிலிங். அந்த நிலையில் ஈசியூ தன் கணக்குக்கு மேல் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கிறது. உரிமையாளரின் பெட்ரோல் சந்தேகத்தை அப்போதே குறித்துக்கொண்டேன்.

சென்சார் சொன்னது பொய்யா?

பி0171 வந்தால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது பரவலான பழக்கம். கலவை லீன் என்று சொன்னது அந்த சென்சார், எனவே பழுதும் அதில்தான் என்று ஒரு கணக்கு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று கேட்கத் தோன்றும். சென்சாரே கெட்டிருந்தால் அதன் ஹீட்டருக்கும் சர்க்யூட்டுக்கும் தனித்தனிக் குறியீடுகள் இருக்கின்றன. அப்படி ஒன்றுமே வராதபோது, அது சொன்னதை முதலில் நம்பி, ஏன் லீன் என்று தேடுவதே முறை.

லீனுக்குக் காரணங்கள் அதிகமில்லை. அளக்கப்படாத காற்று எங்கோ ஓட்டை வழியே புகலாம். ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கேறிக் காற்றைக் குறைத்து அளக்கலாம். பம்ப்போ ஃபில்டரோ சோர்ந்து பெட்ரோல் போதாமல் போகலாம். சைலன்ஸர் பக்கம் சென்சாருக்கு முன் கசிந்து வெளிக்காற்று கலக்கலாம். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள்: மிஸ்ஃபயரே லீன் மாதிரி தெரியும். எரியாத சிலிண்டரிலிருந்து வெளிவரும் ஆக்சிஜனைத்தான் சென்சார் பார்க்கிறது, எரியாத பெட்ரோல் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இரண்டு குறியீடுகளில் எது மூத்தது, எது அதன் பிள்ளை என்று முதலில் தீர்க்க வேண்டும்.

அதற்கு ஒரு எளிய வழி. இன்ஜின் சூடாக ஐடிலிங்கில் ஓடும்போது மிஸ்ஃபயர் எண்ணிக்கையையும் ட்ரிம்மையும் ஒரே திரையில் வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் மிஸ்ஃபயர் ஒன்றுகூட இல்லை. ட்ரிம் இரண்டும் சேர்த்து +23.4. மிஸ்ஃபயரே இல்லாதபோதும் லீன் இருக்கிறதென்றால் அது மிஸ்ஃபயர் பெற்ற பிள்ளை இல்லை.

அடுத்து ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தினேன். ட்ரிம் மளமளவென்று இறங்கி +5.5-இல் நின்றது. இந்த ஒரு சோதனைக்காகவே ஸ்கேனர் வாங்கலாம் என்பேன். கணக்கைப் பாருங்கள். ஐடிலிங்கில் ஏர்ஃப்ளோ சென்சார் காட்டியது நொடிக்கு 2.4 கிராம் காற்று. அதற்கு 23.4 சதவீதம் கூடுதல் பெட்ரோல் தேவைப்படுகிறதென்றால், அளவில் வராமல் புகும் காற்று சுமார் 0.56 கிராம். 2,500-இல் சென்சார் காட்டியது 9.8 கிராம். ஓட்டை அதேதான், அதன் வழியே புகும் காற்றும் கிட்டத்தட்ட அதேதான். 9.8-இல் 0.56 என்பது 5.7 சதவீதம். கண்ட எண்ணோ 5.5.

பம்ப் சோர்ந்திருந்தால் படம் தலைகீழாக இருக்கும்: ஐடிலிங்கில் சமாளித்துவிட்டு, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறும். அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சாரும் பெரும்பாலும் அப்படித்தான் காட்டும். எனவே வேக்யூம் லீக், அதாவது ஓட்டை வழியே அளவில் வராமல் புகும் காற்று. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்தக் கணக்கு ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்கு. மேனிஃபோல்டு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) அழுத்தத்தை மட்டும் அளக்கும் மேப் சென்சார் வண்டியில், புகுந்த காற்றும் அந்த அளவுக்குள் வந்துவிடும். ஈசியூ அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் கொடுக்கும். அங்கே லீக்கின் அடையாளம் பெரும்பாலும் ஏறிப்போன ஐடிலிங்தான். அந்த வண்டியில் ட்ரிம்மை நம்பி உட்கார்ந்திருந்தால் பொழுதுதான் போகும்.

புகை, ஓட்டை, என் அவசரம்

ஸ்மோக் மெஷினை எடுத்தேன். மினரல் ஆயிலைச் சூடாக்கி வரும் புகையை, ஒரு பிஎஸ்ஐக்கும் குறைவான அழுத்தத்தில், இன்டேக் குழாய் வழியாக உள்ளே தள்ளும். ஓட்டை எங்கேயோ அங்கே புகை வெளியே வரும். மூன்றாவது நிமிடத்தில் இன்ஜினின் பின்பக்கத்திலிருந்து நன்றாகவே வந்தது. கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸின் முழங்கை வளைவு. மேலிருந்து பார்த்தால் ரப்பர் முழுசாகத்தான் தெரிந்தது. அடிப்பக்கம் விரலை விட்டு அழுத்தினேன், ஒரு அங்குலத்துக்கு வாய் திறந்தது. ஆயில் ஆவி பட்டுப் பட்டு ரப்பர் ஊறி, மாவு போல ஆகியிருந்தது.

புது ஹோஸ் போட்டோம். ட்ரிம் +23.4-லிருந்து +7.8-க்கு வந்தது. பத்துக்குள் இருக்கிறதே, போதும் என்று நினைத்தேன். குறியீட்டை அழித்தேன், அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், வண்டியைக் கொடுத்தேன். லீன் கலவையால்தான் மிஸ்ஃபயரும் வந்திருக்கும், இரண்டும் ஒன்றாகத் தீர்ந்தது என்று ஜாப் கார்டில் எழுதியும் வைத்தேன்.

ஐந்தாம் நாள் ஃபோன். "சார், மறுபடியும் வந்துடுச்சு."

"அழிக்காதீங்க சார். எதையும் தொடாம அப்படியே கொண்டுவாங்க" என்றேன். அந்த மட்டில் சரியாகச் சொன்னேன்.

பி0171 வரவில்லை. பி0302 மட்டும் தனியாக நின்றது. ஃப்ரீஸ் ஃப்ரேமும் இப்போது அதற்குரியது: 1,180 ஆர்பிஎம், வண்டியின் வேகம் 0, கூலன்ட் 17 டிகிரி, ஸ்டார்ட் ஆகி 55 நொடி, ஓப்பன் லூப் (ஆக்சிஜன் சென்சாரைக் கேட்காமல் ஓடும் நிலை). படித்ததும் காது சூடானது. முதல் முறை பார்த்த ஃப்ரேம் பி0171-க்கு மட்டுமே உரியது. பொது முறையில் பல வண்டிகள் ஒரே ஒரு ஃப்ரேமைத்தான் காட்டும். அதில் 91 டிகிரி என்று கண்டதும், மிஸ்ஃபயரும் அதே நிலையில் நடந்ததாக நானே முடிவு கட்டியிருக்கிறேன். "காலையில் முதல் ஸ்டார்ட்டில்" என்று உரிமையாளர் சொன்னது என் கையெழுத்திலேயே ஜாப் கார்டில் இருந்தது.

யோசித்துப் பார்த்தால் இது மூன்று ஒர்க்‌ஷாப்புக்கும் பொதுவான குருட்டுத்தனம். ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டி ஓடித்தான் வருகிறது, சூடாகத்தான் வருகிறது. குளிர்ந்த இன்ஜினின் பழுதை யாரும் நேரில் பார்க்கவே இல்லை. ஸ்மோக் டெஸ்ட்டையும் நான் சூடான இன்ஜினில்தான் செய்திருந்தேன்.

இரவு முழுக்க நின்ற வண்டி

வண்டியை இரண்டு இரவு விட்டுப்போகச் சொன்னேன். முதல் காலை சாவியை ஆன் மட்டும் செய்து பார்த்தேன். கூலன்ட் 16 டிகிரி, இன்டேக் காற்று 16 டிகிரி. இரண்டும் சமமாக இருந்தால்தான் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கிறது என்று நம்புவேன். ஸ்டார்ட் செய்தேன். அவர் சொன்ன நடுக்கம், சொன்ன மாதிரியே. மோட் 6 என்ற பகுதியில் ஒவ்வொரு சிலிண்டரின் மிஸ்ஃபயர் எண்ணிக்கையும் தனித்தனியாக இருக்கும். கேன் என்ற தொடர்பு முறை உள்ள வண்டிகளில் ஏ2 என்பது 1-ஆம் சிலிண்டர், ஏ3 என்பது 2-ஆம் சிலிண்டர், அப்படியே வரிசையாக. ஒரு நிமிடத்தில் ஏ3 மட்டும் 0-லிருந்து 47. இன்ஜின் சற்றுச் சூடேறியதும் எண்ணிக்கை அப்படியே நின்றுவிட்டது.

ஆறிய இன்ஜினில், ஒரே சிலிண்டரில், ஒரு நிமிடம் மட்டும் மிஸ் அடித்தால் முதல் பயம் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலிருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்பு). இரவில் கூலன்ட் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்கி, காலையில் பிளக்கை நனைத்திருக்கலாம். அதனால் அன்று மாலை கூலிங் சிஸ்டத்தில் பிரஷர் ஏற்றி இரவு முழுக்க விட்டுவைத்தேன். மறுநாள் காலை முள் அசையவில்லை. ஸ்டார்ட் செய்யாமலே 2-ஆம் சிலிண்டர் பிளக்கைக் கழற்றினேன். நனையவில்லை. அதைவிட முக்கியமாக, அதன் பீங்கான் முனை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. மற்ற மூன்றும் லேசாகக் கறுத்திருந்தன. நான்கும் ஒரே நாளில் மாட்டிய புது பிளக்குகள்.

இன்ஜெக்டர் ஒழுகியிருந்தால் 2-ஆவது கறுத்து, பெட்ரோல் வாடை அடித்திருக்கும். இங்கே நேர்மாறு: இந்தச் சிலிண்டருக்கு மட்டும் காற்று கூடுதல். கம்ப்ரஷன் நான்கிலும் 1,240-க்கும் 1,290 கிலோபாஸ்கலுக்கும் இடையில் இருந்தது, வால்வும் ரிங்கும் தப்பின. காயில் புதியதுதான். புதியது என்பதற்காக நம்ப முடியாது என்பதால், முந்தைய காலை ஓட்டத்துக்கு முன்பே 2-ஆவதன் காயிலை 3-க்கு மாற்றிவைத்திருந்தேன். மிஸ் 2-ஐ விட்டு நகரவில்லை.

இன்ஜின் இன்னும் ஆறித்தான் இருந்தது. ஸ்மோக் மெஷினை மாட்டினோம். மேலிருந்து ஒன்றும் தெரியவில்லை. கூட வேலை செய்யும் பையன் டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் தலையை விட்டான்.

"அண்ணே, இங்க ஒரு நூல் மாதிரி வருது."

"எத்தனாவது குழாய்க்கு நேரா தம்பி?"

"ரெண்டு."

மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்தில், 2-ஆவது குழாயின் கீழ் விளிம்பிலிருந்து ஊதுபத்திப் புகை போல மெல்லிசாக வந்துகொண்டிருந்தது. மெஷினைக் கழற்றி இன்ஜினை ஓட்டி, 90 டிகிரி வரை சூடாக்கி நிறுத்தி, மறுபடி புகை விட்டோம். அந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. ஆறினால் திறக்கிறது, சூடானால் மூடுகிறது.

லீக் இருப்பது தெரிந்துவிட்டது. மிஸ்ஸுக்கு அதுதான் காரணமா என்பது இன்னொரு கேள்வி. ஒருமுறை அவசரப்பட்டுச் சூடு கண்டவன் என்பதால் மூன்றாவது இரவும் வண்டியை வைத்துக்கொண்டேன். காலையில் ஸ்டார்ட் செய்து நடுக்கம் தொடங்கியதும், பற்றவைக்காத புரொப்பேன் குழாயின் நுனியை அந்த விளிம்புக்கு அருகே கொண்டுபோனேன். லீக் வழியே காற்றோடு புரொப்பேனும் உள்ளே போகும், அந்தச் சிலிண்டருக்குக் குறைந்த எரிபொருள் ஈடாகும். நடுக்கம் அடங்கியது. குழாயை விலக்கினேன், திரும்ப வந்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படியே. (தீப்பிடிக்கும் வாயு இது. ஆறிய இன்ஜின், திறந்த வெளி, கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான் இல்லாமல் செய்யக்கூடாது. கார்புரேட்டர் கிளீனரைச் சூடான சைலன்ஸர் பக்கம் பீய்ச்சி லீக் தேடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.)

ஒரே ஒரு சிலிண்டர் ஏன் பட்டினி கிடந்தது

பிசிவி ஹோஸ் ஓட்டை, காற்றைத் திறந்துவிடும் த்ராட்டில் வால்வுக்குப் பின்னால் பொது அறையில் இருந்தது. அதன் காற்று நான்கு சிலிண்டருக்கும் பகிர்ந்து போகும், ஈசியூவும் நான்குக்கும் பெட்ரோலைக் கூட்டிச் சமாளிக்கும். மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட்டின் லீக் அப்படியில்லை. 2-ஆவது குழாயின் வாசலிலேயே இருப்பதால் காற்று முழுவதும் அந்த ஒன்றுக்கே போகிறது. முன்பக்க ஆக்சிஜன் சென்சாரோ நான்கு சிலிண்டருக்கும் ஒன்றுதான், அது பார்ப்பது நான்கின் சராசரி. அந்தச் சராசரியைச் சரிசெய்ய ஈசியூ நான்குக்கும் கூட்டுகிறது. மற்ற மூன்றுக்கும் அது மிகுதி, 2-க்கு அப்போதும் பற்றாக்குறை. மூன்று பிளக் கறுத்து ஒன்று வெளுத்தது இதனால்தான். ஹோஸ் மாற்றிய பிறகு மிச்சமிருந்த +7.8-உம் இந்தச் சராசரிதான். சூட்டிலும் புகைக்கு அகப்படாத அளவில் கேஸ்கெட் கசிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. வரம்புக்குள் இருக்கிறது என்று நான் தள்ளிவிட்ட எண் அது.

காலையில் மட்டும் மிஸ் வந்ததற்குக் காரணம் இரண்டு சேர்ந்தது. ஆறியபோது இறுகிய ரப்பரும் பிளாஸ்டிக் மேனிஃபோல்டும் சுருங்கி இடைவெளி திறக்கிறது. ஸ்டார்ட் ஆன முதல் நொடிகளில் சென்சாரும் இன்னும் சூடாகவில்லை, அதன் பேச்சைக் கேட்காமல் ஈசியூ தன் மனக்கணக்கிலேயே பெட்ரோல் விடுகிறது. அதுதான் ஃப்ரேமில் இருந்த ஓப்பன் லூப். லீக் பெரிதாக இருக்கும் நேரமும், திருத்த ஆளில்லாத நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது.

பழுது நீக்கியதும் சரிபார்த்ததும்

மேனிஃபோல்டைக் கழற்றியபோது கேஸ்கெட்டின் ரப்பர் சீல் நான்கு வாசலிலும் தட்டையாகியிருந்தது. 2-ஆவதன் அடிப்பக்கத்தில் நகத்தால் அழுத்தினால் தடம் பதியவில்லை. பிளாஸ்டிக் மாதிரி இறுகிப் போயிருந்தது. ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தோம், மேனிஃபோல்டின் முகம் வளையவில்லை. வளைந்திருந்தால் புது கேஸ்கெட்டும் சீக்கிரமே இதே கதிக்கு வரும். இரண்டு முகத்தையும் துடைத்து, புது கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேனுவல் சொன்ன டார்க்கில், இரண்டு சுற்றாக முடுக்கினோம்.

இந்த முறை உடனே கொடுத்துவிடவில்லை. ஆறிய இன்ஜினில் புகை விட்டுப் பார்த்தோம், எங்கும் வரவில்லை. குறியீட்டை அழித்தோம். அடுத்தடுத்து மூன்று காலை ஸ்டார்ட்டிலும் ஏ3 பூஜ்யம். சூடான ஐடிலிங்கில் ட்ரிம் +1.6, 2,500-இல் +0.8. பிறகு உரிமையாளரிடம் கொடுத்து வழக்கம் போல ஓட்டச் சொன்னேன், இரண்டு வாரம் கழித்து வந்தார். எல்லா மானிட்டரும் முடிந்திருந்தன, நிலுவையில் குறியீடு இல்லை. நிரந்தரக் குறியீடாக இருந்த இரண்டும் தாமாகவே போயிருந்தன. இந்த நிரந்தர வகையை ஸ்கேனரால் அழிக்க முடியாது. சம்பந்தப்பட்ட சோதனை ஓடித் தேறினால் ஈசியூவே எடுத்துவிடும். அது போனதைப் பார்த்த பிறகுதான் ஜாப் கார்டை மூடினேன்.

கன்வர்ட்டரைப் பற்றிக் கொஞ்சம் கவலை இருந்தது. ஒருமுறை லைட் சிமிட்டியிருக்கிறதே. கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜைப் பார்த்தேன்: முன்பக்கத்தோடு சேர்ந்து துள்ளாமல் 0.7 வோல்ட் பக்கம் அமைதியாக நின்றது. தப்பித்தது.

ஆர்வத்தில் அந்த அட்டைப் பெட்டியைக் கேட்டு வாங்கி, முதலில் கழற்றிய பழைய ஆக்சிஜன் சென்சாரை மாட்டிப் பார்த்தேன். 0.1-க்கும் 0.8-க்கும் இடையில் சுறுசுறுப்பாக ஏறி இறங்கியது, புதியதற்கு எந்த விதத்திலும் குறையில்லை. பழைய காயிலும் ஒரு குறையில்லாமல் ஓடியது.

"அப்ப இதையெல்லாம் என்ன சார் பண்றது?" என்றார்.

"ஸ்பேரா வெச்சுக்கோங்க" என்று சொல்லி, புதியதையே திரும்ப மாட்டிவிட்டு, பெட்டியைப் பழையபடி டிக்கியில் வைத்தேன்.